கோலிக்கு அளவெடுத்த குளிர்காலம்

செப்டம்பர் 22, ஞாயிறு

இந்தக் கொப்பி இவருடைய வாயை அடைப்பதற்காக வாங்கியது. போன குளிர்காலம் முழுக்க ஒரே தர்க்கம். "அந்த வாரை நீர்தான் கட்டையாக்கினனீர்" என்பார். நான் அதைத் தொட்டே இருக்கமாட்டேன். இனிமேல் இவருடைய ஹொக்கிச் சாமான் எதில் கைவைத்தாலும் திகதியும் அளவும் போட்டு எழுதி வைப்பதென்று முடிவு. சண்டை வந்தால் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.

முதற்பக்கத்தில் பெயருக்கும் தொழிலுக்கும் இடம் விட்டிருந்தார்கள். ரஞ்சிதமலர் குணசீலன், தையற்காரி, ஸ்காபரோ, கனடா என்று எழுதினேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் தையற்காரியை வெட்டிவிட்டு 'கோலியின் பெண்சாதி' என்று எழுதி வைத்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன் செய்கிற வேலையா இது?

கோலி என்றால் கோல் வலைக்கு முன்னால் நின்று மறிப்பவர். பனித்தரையில் பறந்து வருவது பந்துகூட இல்லை, கல்லுப்போல ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. அதற்காக உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பொதிந்து கட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர் நகரசபை அரீனாவில் பனித்தரையை வழித்து மெழுகுகிற வண்டி ஓட்டுபவர். இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, ஞாயிறு காலை ஏழு மணிக்கு விளையாட வருகிற கூட்டத்துக்குக் கோலி வரவில்லை என்று, இவரை வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பனியே காணாத காரைநகரில் பிறந்த மனுஷன் அன்றைக்குப் பதினான்கு கோல் வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறும் போனார். அன்று தொடக்கம் நான் ஓய்வு நாளிலும் தைக்கிறவள் ஆனேன்.

இன்று புதுக் கால் பேட். வீட்டு ஹோலில் கம்பளத்தின்மேல் முழங்காலில் இருத்திப் பார்த்தேன். பேட்டின் உட்பக்கத்தில் ஒரு சின்ன மெத்தை இருக்கிறது. விழும்போது முழங்கால் அதன் நடுவில் போய்க் குந்தவேண்டும். வலது கால் சரி. இடது அரை அங்குலம் வெளியே விழுகிறது. கெண்டைக்கால் வாரை இறுக்கினால் சரியாகும் என்று அறியாதவர்கள் நினைப்பார்கள். இறுக்கக்கூடாது. இவர் தொப்பென்று விழுகிறபோது பேட் தானாக உருண்டு அதன் முகம் ஆட்டக்காரரைப் பார்க்கவேண்டும், இறுக்கினால் உருளாது. அதைத் தளர்த்திவிட்டு முழங்கால் வாரை ஒரு ஓட்டை உள்ளே எடுத்தேன். பன்னிரண்டு தரம் விழுந்து எழும்பிப் பார்த்தார். பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற பிள்ளை மேலே ஓடிவந்து, யாருக்கும் ஏதுமோ என்று கேட்டுவிட்டுப் போனது.

இடுப்பு 38. மார்பு 42.

அக்டோபர் 6, ஞாயிறு

கோலியின் காற்சட்டை என்பது இரண்டு தலையணைகளைச் சேர்த்துத் தைத்ததுபோல ஒன்று. அது இறங்குகிறதாம். "குனிஞ்சால் பின்பக்கம் போகுது, கோர்டன் பாத்துச் சிரிக்கிறான்" என்றார். கோர்டன் அந்தக் கூட்டத்தின் தலைவர், குழாய் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், இவருடைய உயிர்ச் சிநேகிதன். கைகளை விரித்து நிற்கச் சொல்லி ஊசி குத்தினேன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் உள்ளுக்குப் பிடித்துத் தைத்தேன்.

இடுப்பு 36½. நல்ல விஷயம். போன வருடம் சீனி கூட என்று டொக்டர் ஏசினவர், இப்போதுதான் அது மண்டையில் ஏறியிருக்கிறது. நேற்றும் புட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். முந்தியென்றால் என் சாப்பாட்டுக் கோப்பையிலும் கைவைக்கிற ஆள்.

அக்டோபர் 20, ஞாயிறு

காற்சட்டையின் தோள் வார், இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கட்டை. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

நெஞ்சுக் கவசம். இடப்பக்கக் கழுத்தடியில் விளிம்பு அண்டுகிறதாம், உரசி நோகிறதாம். போட்டுக்கொண்டு குந்தச் சொன்னேன். குந்தும்போது கவசம் மேலே ஏறி நாடியில் இடித்தால் அது பெரிசு என்று அர்த்தம். இடிக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன், தோள்மூடி தடையில்லாமல் எழும்புகிறது. எல்லாம் அளவாகத்தான் இருக்கிறது, அந்த ஒரு இடம்தான்.

"இந்தச் சாமானே கோணல். கனடாக்காரன் எனக்கெண்டு செய்யேல்லை" என்றார்.

"ஏழு வருசமா இதைத்தானே போடுறீங்கள். இண்டைக்குத்தான் கோணினதோ?"

"சாமானுக்கும் வயசு போகும்தானே மலர்."

கவசத்தின் விளிம்பு எங்கே முட்டுகிறது என்று சட்டைக் கழுத்துக்குள் விரலைவிட்டுப் பார்த்தேன். காறை எலும்புக்கு மேலே என்னவோ தட்டுப்பட்டது. சின்னது, மாபிள் உருண்டை அளவு. நரம்பு முடிச்சாக இருக்கும். அந்த இடத்துக்கு நேரே உள் ஸ்பொஞ்சில் ஒரு குழி வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்தேன். ஒரு அங்குல அகலம், அரை அங்குல ஆழம்.

நவம்பர் 10, ஞாயிறு

குழி சரியாக இருக்கிறதாம். அண்டவே இல்லையாம். "உம்முடைய கை கைதான்" என்றார். இந்த வருடத்தில் முதல் பாராட்டு, அதனால் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று நானும் பார்க்கப் போனேன். வழமையாகப் போவதில்லை. யாரோ ஒருவன் இவருடைய முகத்தைப் பார்த்து ரப்பர்க் கல்லை விளாசுவதை நான் ஏன் குளிருக்குள் இருந்து பார்க்கவேண்டும்?

இவர் நன்றாகத்தான் நிற்கிறார். அதை அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் எழும்புவது பிந்துகிறது. விழுகிறார், மறிக்கிறார், பிறகு வலையின் கம்பத்தில் ஒரு கையைக் கொடுத்துத்தான் எழும்புகிறார். இடைவேளையில் தண்ணீருக்குப் பதிலாக நெஞ்செரிவுக் குளிசை சப்பினார். காரில் ஏறிக் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடியபோது கதவுப் பையில் அதே குளிசைப் போத்தல் மூன்று கிடந்தது. இரண்டு வெறும் போத்தல். குப்பையில் போடக்கூடப் பஞ்சி, சோம்பேறி மனுஷன்.

காற்சட்டை திரும்பவும் பிடித்தேன். இடுப்பு 35.

ஏன் இப்படிக் குறைகிறது என்று நான் கேட்கவில்லை. எங்கள் தையற்கடையில் அது சட்டம். ஜெயக்கா இருபது வருடத்துக்கு முன்பு என்னை வேலைக்குச் சேர்த்த அன்றே சொன்னது: "உடுப்பைக் கொண்டு வாற ஆளிட்ட உடம்பைப் பற்றிக் கதைக்கக்கூடாது. கொழுத்தாலும் கேக்காதை, மெலிஞ்சாலும் கேக்காதை. பிடிக்கச் சொன்னால் பிடி, விடச் சொன்னால் விடு." பிள்ளை உண்டாகி அழிந்த பெண்கள் வருவார்கள். விவாகரத்தானவர்கள் வருவார்கள். நான் ஒருவரையும் ஒன்றும் கேட்டதில்லை. அதனால்தான் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

குழி காணாதாம், அகலம் போதவில்லையாம். இரண்டு அங்குலமாக அகலப்படுத்தினேன். கவசத்தின் வெளித் தகட்டையும் சுடுகத்தியால் கொஞ்சம் செதுக்கி, உள்ளே கடையிலிருந்து கொண்டுவந்த மான்தோல் போன்ற மெத்துத் துணியை வைத்துத் தைத்தேன். குறுக்குத் தையல், கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவு நேர்த்தியாக நான் கலியாணக் கோட்டுக்கும் தைத்ததில்லை.

போட்டுப் பார்த்தார். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினார். "ஒரு நோவும் இல்லை" என்றார்.

சரியாகப் பொருந்திவிட்டது.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்று மீன் வாங்கினேன். விளைமீன் புதிதாக வந்திருந்தது, கண் பளபளவென்று. அந்தக் கடைக்காரப் பெடியன் செவுளைத் தூக்கிக் காட்டினான். இரண்டு வாங்கி ஒன்றைக் குழம்பு வைத்து, மற்றதைப் பொரித்தேன். குழம்புக்குப் பழப்புளி கொஞ்சம் கூடிவிட்டது.

காலையில் அரீனாவிலிருந்து தொலைபேசி வந்தது. குணா எங்கே, வண்டிச் சாவி அவரிடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இன்றைக்கு மேலதிக வேலை என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டவர். வழியில் இருப்பார் என்று சொல்லிவிட்டேன். ஐந்து மணிபோல வந்தார். முழங்கை மடிப்பில் உருண்டையாக ஒரு பிளாஸ்திரி. முழங்கைக் கவசம் உரசியிருக்கும், பார்க்கவேண்டும்.

குழம்பை இவர் தொடவில்லை. புளிதான் காரணம்.

டிசம்பர் 28, சனி

காற்சட்டையை இனிக் கையால் பிடிக்க ஏலாது. ஏற்கெனவே பிடித்த துணியே மடிப்பு மடிப்பாகத் தடித்துப்போய்க் கிடக்கிறது. கடைக்குக் கொண்டுபோய்த் தோல் தைக்கிற பெரிய மெசினில் வைத்தேன். இடுப்பு 33.

ஜெயக்கா வந்து என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா.

"இது எத்தினையாம் தரம் மலர்?"

"மூண்டாம் தரம். ஆள் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துறார்."

"மூண்டு மாசத்தில அஞ்சு அங்குலமா? கட்டுப்படுத்தினால் இப்பிடியே போகும்? நீ அவரைக் கேட்டனியா?"

"நீங்கள்தானே அக்கா கேக்கக்கூடாதெண்டு சொன்னனீங்கள்."

"அது கடைக்கு வாற சனத்தை. கட்டின புருசனையும் கேக்காதை எண்டா சொன்னனான்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன சொன்னேன் என்று எழுத விரும்பவில்லை. ஐந்து பிள்ளைகளைப் பெற்றவ என்னிடம் குடும்பம் நடத்துவது பற்றிக் கதைக்கக்கூடாது என்பதுபோல ஏதோ. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை ஜெயக்கா ஒருநாளும் சுட்டிக் கதைத்ததில்லை. நானாக அதை இழுத்து அவவின் முகத்தில் எறிந்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு ஹோலில் வைத்து எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். காற்சட்டை சரி. கால் பேட் வாரெல்லாம் கடைசி ஓட்டையில் நிற்கிறது. நெஞ்சுக் கவசத்தின் வயிற்று வாரைப் பிடிப்பதற்காக முன்னால் முழங்காலில் இருந்தேன். கைகளை விரித்தபடி நின்றார். அந்த வாரும் நெஞ்சுக்கூடும் என் முகத்துக்கு நேரே. மூச்சு விடும்போது கவசத்துக்கும் உடம்புக்கும் நடுவில் என் முழுக்கை போய்வருகிற இடம் இருந்தது.

வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பளத்தில் வைத்தேன்.

"ஏன் இப்பிடி மெலியிறீங்கள்?"

கையை இறக்கவில்லை. அப்படியே நின்றார்.

"இவ்வளவு நாளும் கேக்கேல்லையே நீர்."

"இப்ப கேக்கிறன்."

"வயித்தில கட்டி, மலர். போன மாசம் பதினேழாந் திகதி குழாய் விட்டுப் பாத்தவை. கழுத்தடியில இருக்கிறதும் அதிலயிருந்து வந்ததுதானாம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் அளவெடுக்கிற ஒவ்வொரு முறையும், சரி, இண்டைக்குச் சொல்லிப்போடுவம் எண்டுதான் கையை விரிச்சுக்கொண்டு நிண்டனான். பாத்தால் நீர் வாய் நிறையக் குண்டூசியோட நிப்பீர். வாயில ஊசியை வச்சிருக்கிற மனிசியிட்ட இதை என்னெண்டு சொல்லுறது? பயந்து விழுங்கிப்போட்டீர் எண்டால்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை, அது வேறு எதுவோவாக மாறிவிட்டது. அவ்வளவு சாமானையும் போட்டுக்கொண்டு அவர் கம்பளத்தில் எனக்குப் பக்கத்தில் குந்தினார். முழங்கால் இரண்டும் மெத்தையின் நடுவில் சரியாக விழுந்தன.

விளையாடப் போகவில்லை.

ஜனவரி 6, திங்கள்

ஜெயக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தது. "விடு பிள்ளை" என்றா.

ஜனவரி 14, செவ்வாய்

பெரிய டொக்டரைப் பார்த்தோம். இளம் பெண், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தா. ஈரலுக்கும் போய்விட்டதாம். மருந்து ஏற்றலாம், காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம், மாற்ற முடியாது என்று ஒளிக்காமல் சொன்னா. இடது காறை எலும்புக்கு மேலே கட்டி தெரிந்தால் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார்களாம். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதாம்.

"அந்தக் கட்டியை முதலில் எப்போது கவனித்தீர்கள்?" என்று கேட்டா.

"டிசம்பர் தொடக்கத்தில்" என்றார் இவர்.

இந்தக் கொப்பி என் கைப்பைக்குள் இருந்தது. நவம்பர் 3 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. கைப்பையை இழுத்து மூடினேன்.

காருக்குள் வந்துதான் சொன்னேன். "நான் நவம்பரிலயே தொட்டனான். நரம்பு இல்லையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் குழி வெட்டினனான்."

"எனக்கும் தெரியும்" என்றார். "உம்முடைய விரல் அதில ஒருக்கா நிண்டது."

இதைத்தான் எழுதவேண்டும், எழுதாவிட்டால் இந்தக் கொப்பி முழுக்கப் பொய். அண்டாமல் இருக்கும்படி நானே செய்து கொடுத்தேன். அண்டியிருந்தால் டொக்டரிடம் போயிருப்பார். ஐந்து கிழமை அந்த மனுஷன் நோவில்லாமல் விளையாடினார், நான் கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு இருந்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். கடைச் சட்டம் எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

காருக்கு வருமுன் வாசலில் வைத்து, நவம்பரில் வந்திருந்தால் என்று மட்டும் தனியாகக் கேட்டேன்; பெரிதாக மாறியிருக்காது என்றா அந்த டொக்டர். நல்ல பிள்ளை. உண்மையோ, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதோ தெரியாது.

பெப்ரவரி 2, ஞாயிறு

மருந்து இரண்டாம் முறை ஏற்றினார்கள். ஒரே சத்தி, குடித்ததெல்லாம் வாந்தி. கஞ்சித் தண்ணியும் தங்கவில்லை. ஏழு மணிக்குக் கண்ணைத் திறந்து, "இப்ப ஆட்டம் தொடங்கியிருப்பாங்கள்" என்றார்.

பெப்ரவரி 23, ஞாயிறு

மருந்தை நிறுத்தியாயிற்று. உடம்பு தாங்காதாம்.

இவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை கோலடியில் நிற்கவேண்டுமாம். ஆட்டம் வேண்டாம், பத்து நிமிடம் நின்றால் போதுமாம். விழுந்தால் எலும்பு உடையும் என்று சொன்னேன். "உடைஞ்சால் என்ன, பிறகு அதை வச்சு என்ன செய்யப்போறன்?" என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். மூன்று நாளாக இதே சண்டை. சாகப்போகிற மனுஷனோடு சண்டை பிடிக்கிற பெண்சாதி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கோர்டன் வந்திருந்தார். ஆறடி ஆள், கதிரையின் நுனியில் தொப்பியை உருட்டிக்கொண்டு இருந்தார். "அவன் வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். மெல்லத் தட்டுவோம். ஒன்றும் நடக்காது" என்று அடுப்படியில் நின்ற என்னிடம் குசினிக்குள் வந்து ஆங்கிலத்தில் குசுகுசுத்தார். இவர் ஹோலில் இருந்து தமிழில் கத்தினார்: "மெல்லத் தட்டுறதெண்டால் அவனை வரவேண்டாமெண்டு சொல்லும்!" ஆங்கிலக் குசுகுசு மட்டும் இந்த மனுஷனுக்கு எங்கிருந்தாலும் கேட்கும்.

மார்ச் 8, சனி

நான்தான் தோற்றது. மூன்று நாளாக எல்லாவற்றையும் பிரித்துத் தைக்கிறேன். இடுப்பு 30. காற்சட்டைக்குள் இரண்டு வரிசை பஞ்சுத் தகடு. நெஞ்சுக் கவசத்தில் அந்த இடத்தைச் சுற்றி வளையமாக ஸ்பொஞ்ச், பாரம் வளையத்தில்தான் இறங்கும். மாஸ்க்கின் நாடிக் கிண்ணம் பெரிதாகிவிட்டது, உள்ளே மெத்துத் துணி மூன்று மடிப்பு. பின் தலை வார் இரண்டு அங்குலம் கட்டை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கோடைகால நேரத்துக்காக எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிற நாள். எங்களிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

உடுப்பு மாற்றும் அறைக்குள் என்னை விட்டுவிட்டு ஆட்கள் எல்லோரும் வெளியே போய் நின்றார்கள். முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. கால் பேட்டைக் கட்டும்போது கெண்டைக்கால் வாரை இறுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர் உடனே திறந்தார்.

"ஏன் அதை இறுக்கினீர்? விழேக்க உருளாது."

"நீங்கள் விழப்போறேல்லை."

"கோலி விழாமல் என்னெண்டு மறிக்கிறது? தளர்த்தும்."

தளர்த்தினேன்.

கோர்டனும் இன்னொருவரும் இரண்டு பக்கத்திலும் பிடித்துக் கோலடிக்குக் கொண்டுபோனார்கள். நான் பலகை வேலிக்கு வெளியே நின்றேன். ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள். ரப்பர் வட்டு தரையில் ஊர்ந்து ஊர்ந்து வந்து இவருடைய காலில் முட்டி நின்றது. ஒன்று. இரண்டு. ஐந்து. ஒவ்வொன்றுக்கும் தடியால் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஆறாவதும் ஊர்ந்து வந்தபோது இவர் மாஸ்க்கைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"நான் செத்த வீட்டுக்கு வந்திருக்கிறேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரல் மெலிவுதான், ஆனால் அரீனா முழுக்கக் கேட்டது.

கோர்டன் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கேட்பது எனக்கு விளங்கியது. இருபத்தாறு வருடமாக இந்த மனுஷனின் மேல் ஒன்றும் படக்கூடாது என்று தைத்தவள் நான். வேண்டாம் என்று தலையை ஆட்டினால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

"அடி கோர்டன்!" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். "அவர் கோலி! பலமாக அடி!"

இவர் மாஸ்க்கை இறக்கினார்.

கோர்டன் பின்னால் போய், ஓடிவந்து விளாசினார். சத்தம் கேட்டபோது நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்து பார்த்தபோது இவர் முழங்காலில் இருந்தார். பேட் உருண்டு முன்னுக்குப் பார்த்தபடி நின்றது. வட்டு அதில் பட்டுத் தெறித்து மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கம்பத்தைப் பிடித்து எழும்பினார். இரண்டாவது இவருடைய தோளுக்கு மேலால் வலைக்குள் போனது. "எடேய், நாசமாப் போவானே!" என்று கோர்டனைத் தூய தமிழில் ஏசினார். எவ்வளவு சந்தோஷமாக ஏசினார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவதை மறித்தார். ஆனால் எழும்பவில்லை.

நான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு சப்பாத்தோடு பனியில் இறங்கினேன். எப்படி விழாமல் போனேனோ தெரியாது. பின்னால் நின்று கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கினேன். தனியாக. கால் பேட், காற்சட்டை, கவசம், மாஸ்க், எல்லாமாக நாற்பது இறாத்தலுக்குக் குறையாத சாமான். அவ்வளவோடும் தூக்க முடிந்தது. மனுஷன் எங்கே என்று எனக்குள் கேட்டது.

"போவமே?" என்றேன்.

"இன்னும் ஒண்டு."

நிமிர்த்தி நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன். கையை எடுப்பதுதான் பெரிய பாடு. திரும்பி நடந்து வேலிக்கு வெளியே போய் நின்றேன். ஒன்று என்று சொன்னவர் நாலு அடிக்கு நின்றார். இரண்டு உள்ளே போனது.

மார்ச் 10, திங்கள்

இடது தொடையில் வட்டு பட்ட இடம் பெரிய நீலக் கண்டல். என் பஞ்சுத் தகடு காணாது, இன்னும் வைத்திருக்கவேண்டும். வருகிற தாதிக்கெல்லாம் போர்வையை விலக்கி விலக்கிக் காட்டுகிறார்.

மார்ச் 30, ஞாயிறு

ஏழு மணிக்குக் கோர்டன் தொலைபேசி எடுத்து, இவருடைய காதில் வைக்கச் சொன்னார். ஆட்டச் சத்தம். வழுக்குச் சப்பாத்து பனியைக் கீறுகிற சத்தம், தடி மோதுகிற சத்தம். இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு இருந்தேன். கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் வலது கை ஒருமுறை அசைந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று காலை ஆறு நாற்பதுக்கு. நான் பக்கத்தில் இருந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று இவரை ஈமச்சடங்கு மண்டபத்தில் பார்வைக்கு வைத்தோம். கலியாண வீடுகளுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைத்தான் கொடுத்திருந்தேன். போன வருடம் நானே தைத்தது. சனம் வருவதற்கு முன்பு என்னையும் ஜெயக்காவையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். தோள் இரண்டும் கீழே தொங்கின. சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். கை நுனி விரலை மூடிக்கொண்டு கிடந்தது.

அங்கே வேலைசெய்கிறவர் பண்பான ஆள். "கவலைப்படாதீர்கள். பின்பக்கம் பிடித்து ஊசி குத்திவிடுவோம். முன்னால் பார்க்க அளவாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வது" என்றார்.

ஜெயக்கா அதற்குள் கைப்பையைத் திறந்துவிட்டா. நூலும் ஊசியும் எப்போதும் இருக்கும். "நீ இரு மலர். நான் பிடிச்சு விடுறன். அஞ்சு நிமிசம் காணும்."

"வேண்டாம் அக்கா."

"சனம் பாக்கப்போகுதடி. இப்பிடிக் கிடந்தால் ஆயிரம் கேள்வி கேக்குங்கள்."

"கேக்கட்டும்."

என்னைப் பார்த்தா. பிறகு பையை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றா.

பத்து மணியிலிருந்து சனம் வந்தது. ஊர்ச் சங்கத்து ஆட்கள், அரீனாக்காரர், பேஸ்மென்றுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எல்லாம். பெட்டிக்குள் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "என்ன பிள்ளை, ஆள் இப்பிடி உருகிப்போச்சுது?" "ஒரு வருத்தமெண்டும் சொல்லேல்லையே?" "எப்ப தொடக்கம்?"

ஒவ்வொருவருக்கும் சொன்னேன். செப்டம்பரில் இடுப்பு முப்பத்தெட்டு. அக்டோபரில் புட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். நவம்பர் மூன்றாம் திகதி கட்டி என் விரலில் பட்டது. எனக்குத் தெரிந்தது, நான் கேட்கவில்லை. சிலர் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். சிலர், இதையெல்லாம் இந்த இடத்தில் ஏன் சொல்கிறாள் என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள். இவருடைய ஒன்றுவிட்ட தமக்கை, "காணும் பிள்ளை, இரு" என்று கதிரையை இழுத்துப் போட்டா. இருக்கவில்லை.

கோர்டன் கடைசியாக வந்தார். பெட்டியடியில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து, "கோட் அவனுக்குப் பெரிதாக இருக்கிறதே" என்றார். அவருக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

நாளைக்குப் பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள். இன்று வர முடியாதவர்கள் காலையில் வருவார்கள். அவர்களுக்கும் சொல்லவேண்டும்.